உள்பக்கம் கைப்பிடி இல்லாத வண்டி

ஒரு பொருளைப் பிரித்துப் போடுவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. திருப்பிச் சேர்ப்பதற்குத்தான் படிப்பு, பொறுமை, அளவு டேப் எல்லாம் வேண்டும். இந்த உண்மையை மனிதர்கள் பொதுவாக ஏழெட்டு வயதில், வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துவிட்டு அடி வாங்கும்போது கற்றுக்கொள்கிறார்கள். நான் நாற்பத்து மூன்று வயதில், ஒரு மோட்டார்ஹோமைப் பிரித்துவிட்டுக் கற்றுக்கொண்டேன். அடி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சீக்கிரம் மறந்திருக்கும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அடிபட்ட வண்டிகளின் படங்களைப் பார்த்து, யார் எங்கே முட்டாள்தனம் செய்தார்கள் என்று எழுதுவது என் தொழில். பதினைந்து வருடமாக மற்றவர்களின் முட்டாள்தனத்தைப் பார்த்துப் பார்த்து, நமக்கு அது வராது என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. (அம்மை குத்திக்கொண்டவனின் தைரியம் மாதிரி.)

அந்தச் சமயத்தில் இணையத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே ஒரு கட்டில் போட்டு, ஊர் ஊராகப் போய் ஏரிக்கரையில் கண் விழிப்பார்கள். அவர் ஒரு பலகையை அறுப்பார், அந்தம்மா காப்பி குடிப்பார், அடுத்த காட்சியில் வேன் தயாராகிவிடும். நானும் மாலதியும் கேமரன் மலையில் அப்படிக் கண் விழிப்பதாகக் கற்பனை செய்துகொண்டேன். மாலதி என் மனைவி. அவளிடம் இந்தக் கற்பனையைச் சொல்லவில்லை.

கிள்ளானில் ஒரு சீன அங்கிளின் பட்டறைக்குப் பின்னால் அந்த மோட்டார்ஹோம் கிடந்தது. எப்போதோ ஜப்பானிலிருந்து வந்தது. உள்ளே அடுப்பு, தொட்டி, அலமாரி, சின்னக் கழிப்பறை, இரண்டு கோழிகள். இஞ்சின் அருமையாக இருக்கிறது, மற்றதையெல்லாம் பார்க்காதே என்றார் அங்கிள். நான் நேர்மையாக அவர் சொன்னபடியே மற்ற எதையும் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

பூச்சோங்கில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் மாலதி வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மூக்கை மூடிக்கொண்டாள்.

"இத என்னா செய்யப் போறீங்க?"

உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு கட்டில் மட்டும் போடப்போகிறேன், படுத்துத் தூங்க மட்டுமே ஒரு வண்டி, எளிமைதான் இதன் அழகு என்று விளக்கினேன்.

"வீட்டுலதான் கட்டில் சும்மா கெடக்கே. அதுக்கு ஏன் டயர் வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எளிமை என்பது உண்மையில் என் முதல் கொள்கை இல்லை. முதலில் அடுப்பைப் பழுது பார்க்க முயன்றேன். அது இரண்டாக உடைந்தது. ஆகவே அடுப்பு இல்லாத எளிமை என்று முடிவு செய்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டேன், குழாய் கையோடு வந்தது. தொட்டியும் இல்லாத எளிமை. இப்படி ஒவ்வொன்றாக நான் கை வைக்க வைக்க வண்டி எளிமையாகிக்கொண்டே போனது. பிரித்ததையெல்லாம் வாசலில் அடுக்கினேன். கழிப்பறைக் கோப்பை மட்டும் இடம் போதாமல் சாலையைப் பார்த்தபடி துளசிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி, அது உபயோகத்தில் இருக்கிறதா என்று மாலதியிடம் கேட்டார். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு மட்டும் கொஞ்சம் ஆறிப்போய் வந்தது.

சன்னல்களில் மழை ஒழுகியது. அவற்றைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன். டிரைவர் இருக்கைக்கும் பின்பகுதிக்கும் நடுவில் இருந்த திறப்பையும் அடைத்தேன். சுவர் முழுக்க, கூரை வரைக்கும், சத்தம் புகாதபடி கனமான ஸ்பாஞ்ச் ஒட்டினேன். கூரையில் காப்பிச் சாசர் அளவுக்கு ஒரு காற்றுத் துவாரம் மட்டும் மிச்சம். பிறகு கட்டில். வீடியோவில் அந்த வெள்ளைக்காரர் கட்டிலுக்குக் கால்கள் வைத்தார். எனக்குக் கால்கள் பிடிக்கவில்லை. பலகையை நேராகச் சுவரில் ஸ்க்ரூ போட்டு இடுப்பு உயரத்தில் நிறுத்தினால், அடியில் முழு இடமும் சாமான் வைக்கக் கிடைக்குமே. பின்கதவைத் தூக்கினால் சாமான் அறை, பக்கக் கதவு வழியாக ஏறினால் மெத்தை. (பத்து வருடம் மழையில் ஊறிய அந்தச் சுவர் மரத்தில் ஸ்க்ரூ வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. என் கைப் பலத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன்.)

கடைசியில் ஒரு சின்னச் சிக்கல். பலகை விரற்கடை அளவு நீளமாகிவிட்டது. பக்கக் கதவின் உள்பக்கக் கைப்பிடி அதில் இடித்தது. பலகையை அறுப்பதா, கைப்பிடியைக் கழற்றுவதா? எது சுலபமோ அதைச் செய்தேன். கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் மாலதியின் தம்பி தினேஷுக்கு நிச்சயதார்த்தம் குறித்தாகிவிட்டது. பெண் ஷர்மினி, கிள்ளானைச் சேர்ந்தவள். இருவரும் ஷா ஆலமில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பழகியவர்கள். ஷர்மினியின் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஷர்மினியே சொல்லியிருக்கிறாள். இந்தச் சம்பந்தத்துக்கு அவர் சம்மதிக்கவே ஒரு வருடம் ஆனது. பையன் நல்லவன்தான், ஆனால் அவன் குடும்பத்தில் கொஞ்சம் விளையாட்டுத்தனம் தெரிகிறது என்றாராம். இது எங்கள் காதுக்கு வந்ததிலிருந்து என் மாமியார் ஓர் உத்தரவு போட்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று நம் பக்கத்தில் யாரும் எந்தக் கோமாளித்தனமும் செய்யக் கூடாது. உத்தரவு பொதுவானதுதான். ஆனால் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

என் மதிப்பை உயர்த்திக்கொள்ள இதுதான் சமயம் என்று, சீர்வரிசைத் தட்டுகளை என் வண்டியிலேயே கொண்டுபோகலாம் என்று சொன்னேன். அடியில் அவ்வளவு இடம். ஒரு தட்டு நசுங்காது, ஒரு பூ கசங்காது என்று வாக்குக் கொடுத்தேன். மாமியார் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். வண்டியை ஓட்ட மாமனார் முன்வந்தார். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அதிலும் பாதிக்காலம், பின்னால் கண்டக்டர் நின்று மணியடித்த காலத்து பஸ். அதிகம் பேசமாட்டார். என் வண்டியைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து, "ஓடுமா?" என்பதுதான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பூமாலை. பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான ஒரு பூக்கடையில் மாலைகள் சொல்லியிருந்தேன். அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஆகவே ரயிலில் போய் மாலைகளை வாங்கிக்கொண்டு நேராகக் கிள்ளானுக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நிச்சயதார்த்த நாளான சனிக்கிழமை, காலை முழுவதும் வண்டியில் கடைசி வேலைகள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. போனை டிரைவர் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, கைலியோடும் பனியனோடும் பின்னால் ஏறி மெத்தையில் உட்கார்ந்தேன். பூக்கடைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. சத்தம் எவ்வளவு குறைகிறது பார்ப்போமே என்று கதவை இழுத்துச் சாத்தினேன். டொக் என்று பூட்டிக்கொண்டது.

அப்படி ஒரு அமைதியை நான் பூச்சோங்கில் அனுபவித்ததே இல்லை. பக்கத்து வீட்டு நாய் இல்லை, மோட்டார்சைக்கிள் இல்லை, மாமியார் இல்லை. கண்ணை மூடி ஐந்து நிமிடம் அந்த அமைதியைச் சோதிக்கலாம் என்று படுத்தேன்.

கண் விழித்தபோது கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் நிலநடுக்கம் என்று நினைத்தேன். பிறகு கட்டில் வலது பக்கம் திரும்பியது. நிலநடுக்கம் சிக்னல் போட்டுத் திரும்பாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. பலகைச் சந்தில் மூக்கை வைத்தேன். கீழேயிருந்து லட்டு வாசனையும் சந்தன வாசனையும் வந்தன. நான் தூங்கும்போதே பின்கதவைத் தூக்கித் தட்டுகளை அடுக்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். மேலே நான் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை.

கதவைத் திறக்கக் கை நீட்டினேன். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கைப்பிடி என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை வீட்டில் ஆணியில் தொங்கியது.

கத்தினேன். என் தொண்டை நரம்பு புடைக்க, "மாமா" என்று கத்தினேன். அந்த வண்டியில் நான் செய்த வேலைகளில் ஒன்றே ஒன்றுதான் முழு வெற்றி. சத்தம் துளிகூட வெளியே போகவில்லை.

ஆத்திரத்தில் முன்பக்கப் பலகையில் கையால் ஓங்கி ஒரு குத்து விட்டேன். என்ன ஆச்சரியம், வண்டி வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றது. கடவுளே என்று சந்தோஷத்தில் இன்னும் இரண்டு குத்து விட்டேன். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஒரு குத்து. நின்றது. இந்த முறை விடக்கூடாது என்று இரண்டு கையாலும் மடமடவென்று பலகையில் குத்தினேன். வண்டி கிளம்பியது மட்டுமல்ல, முன்னைவிட வேகமாகப் பறந்தது. (அந்தக் காலத்து பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ, அதற்கு மேல் அடித்தால் பஸ் நிறைந்துவிட்டது, எங்கேயும் நிறுத்தாதே என்று அர்த்தமாம். எனக்கு இது அன்று சாயங்காலம்தான் தெரியவந்தது. நானே என் கையால் அந்த வண்டியை எக்ஸ்பிரஸ் ஆக்கியிருக்கிறேன்.)

மிச்சமிருந்தது கூரைத் துவாரம். மண்டியிட்டு எழுந்து தலையை நுழைத்துப் பார்த்தேன். போகவில்லை. கையை நீட்டினேன். தோள்பட்டை வரைக்கும் போயிற்று. பனியனைக் கழற்றிக் கையில் பிடித்து, நெடுஞ்சாலைக் காற்றில் ஆட்டினேன். யாரோ ஹாரன் அடித்தார்கள். உற்சாகமாக இன்னும் ஆட்டினேன். இன்னும் ஹாரன்கள். அப்புறம்தான் விளங்கியது, என் கையசைப்புக்கு அவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் பனியனும் காற்றில் பறந்து போயிற்று. ஷா ஆலம் பக்கம் எங்கேயோ அது விழுந்திருக்கும்.

சோர்ந்து போய்ப் படுத்தேன். முன்னால் என் போன் விடாமல் அதிர்வதை அந்தப் பலகை வழியாகவே உணர முடிந்தது. மாலை எங்கே என்று, மற்றவர்களோடு காரில் வரும் மாலதி கேட்கிறாள். மாமனார் அந்தப் போனைப் பார்த்து, போனை மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்திருப்பார். அப்படியேதான் நினைத்திருக்கிறார்.

கிள்ளானில் ஷர்மினியின் வீடு இருக்கும் தாமானுக்குள், அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் வேகத்தடைகள் தொடங்கின. முதல் தடையில் சுவரில் ஒரு முனகல் கேட்டது. இரண்டாவதில் ஸ்க்ரூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தேன். இறங்கிய மாதிரியே, வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போலத்தான் வந்தன. மூன்றாவது தடையில் பின்பக்கப் பலகை இறங்கியது. நானும் மெத்தையும் வழுக்கிக்கொண்டு சீர்வரிசைக்குள் போனோம்.

எங்கே விழுகிறோம் என்று தேர்ந்தெடுக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மாமியார் மூன்று நாளாகச் செதுக்கிய அன்னாசிப்பழ மயில் மேல் முதுகு போயிற்று. ஒரு கால் லட்டில், ஒரு கால் வளையலில். சந்தனக் கிண்ணம் நெஞ்சில் கவிழ்ந்தது. குங்குமம் எல்லா இடத்திலும். ஆனால் நிச்சயப் புடவை வைத்த தட்டு கண்முன்னே சரிவதைப் பார்த்தேன். அதை மட்டும் இரண்டு கையாலும் தாவிப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டேன். அந்தப் புடவைக்காக மாமியாரும் மாலதியும் கடைகடையாக ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். இது போனால் நான் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசியமே இருக்காது.

வண்டி நின்றது. பின்கதவு திறக்கும்போது மேளம் முழங்க வேண்டும் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள் போல. தினேஷ் கதவைத் தூக்கினான். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் வெடித்தன. வெளியே பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். உள்ளே நான் கைலியோடு, வெறும் உடம்பில் சந்தனம் வழிய, அன்னாசி மயிலின் மேல் மல்லாந்து கிடந்து, புடவைத் தட்டைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கிக்காரர் கடமையுணர்ச்சி உள்ளவர். மேளத்தை நிறுத்தவே இல்லை.

தினேஷ் குனிந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், மாலை எங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல," என்றேன்.

மாலதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாமியார் மயிலைத் தேடினார். மாமனார் முன்னாலிருந்து மெதுவாக இறங்கி வந்து, எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு அடிச்ச, நிறுத்துனேன். ரெண்டு அடிச்ச, போனேன். வேற என்னா மாப்ள செய்றது?"

அப்போதுதான் தலைமையாசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேளம் அதுவாக நின்றுவிட்டது. தினேஷின் முகம் வெளுத்திருந்தது. அவனுடைய ஒரு வருடக் காத்திருப்பு என் முதுகுக்கடியில் நசுங்கிக் கிடப்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. என்னால் ஒரு கல்யாணம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்தபோது, தட்டை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால் வரை படித்தார்.

"சேலையில ஏதும் பட்டுச்சா?"

"இல்ல சார்."

"மொதல்ல சேலைய வாங்குங்க. அப்புறம் தம்பிய எறக்குங்க."

நல்லதாக மிஞ்சிய தட்டுகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணுவது போல விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில் நான் நின்றிருந்தேன். விரல் என்னிடமும் வந்து நின்றது.

"பத்தொம்போது தட்டு. தம்பியும் சீரோடதான் வந்திருக்காரு, அவர சேத்தா இருவது. ரெட்டப்பட ஆகாது." வீட்டுப் பக்கம் திரும்பித் தன் மனைவியிடம் சொன்னார், "உள்ளேருந்து ஒரு தட்டு பழம் கொண்டாம்மா."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. முதலில் ஷர்மினிதான் சிரித்தாள். பட்டுப் புடவையும் நகையுமாக வாசற்படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் சிரித்தார்கள், தினேஷ் சிரித்தான், கடைசியாக என் மாமியாரும் சிரித்தார். நல்லவேளை, அப்போது என்னை அவர் பார்க்கவில்லை. பெண் வீட்டு வாழைப்பழத் தட்டு ஒன்று வந்து எங்கள் வரிசையில் சேர்ந்தது. இருபத்தொன்று ஆயிற்று.

மாலைகளைக் கிள்ளான் கடைத்தெருவிலேயே ஓடிப் போய் வாங்கி வந்தார்கள். என்னைப் பின்பக்கக் குழாயடியில் நிறுத்திக் குளிக்க வைத்து, தலைமையாசிரியரின் பூப்போட்ட பாத்தேக் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் ஆறடி. நான் இல்லை. நிச்சயதார்த்த ஆல்பத்தில் முட்டி வரைக்கும் சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஆள் எல்லாப் படத்திலும் ஓரமாக நிற்பான். ஐஸ் வாங்கப் போன ஷர்மினியின் சித்தப்பா, சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வழியில் ஒரு வேன் கூரையிலிருந்து கை ஆடியதைத் தானும் பார்த்ததாகவும், மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப உற்சாகமாக வருகிறார்கள் என்று நினைத்து ஹாரன் அடித்ததாகவும் சொன்னார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் போய் வாடிப்போன மாலைகளை வாங்கி வந்தேன். மாலதி அதில் ஒன்றை வண்டியின் நெற்றியில் மாட்டி, ஊதுபத்தி கொளுத்தி வைத்து, ஒரு நிமிடம் மௌனமாக நின்றாள். எதிர்வீட்டு அக்கா என்ன நினைத்தாரோ.

அதன் பிறகு கட்டிலுக்கு ஆறு கால்கள் வைத்தேன். பலகையை விரற்கடை அளவு அறுத்தேன். அறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பிடியை மாலதியே நின்று மாட்ட வைத்தாள். ஒரு பள்ளி விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் அந்த வண்டியில் படுத்தோம். மாலதி படுத்ததும் தூங்கிவிட்டாள். இவ்வளவு நல்ல தூக்கம் வந்ததே இல்லை என்று காலையில் எழுந்து சொன்னாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. அரை மணிக்கொரு தடவை கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினேஷுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு பையனும் பிறந்துவிட்டான். இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குத் தட்டு அடுக்கினாலும், யாராவது ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, ஆளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன், வேறு வழியில்லை. ஆனால் தலைமையாசிரியர் கேட்பதுதான் தனி. போன மாதம் பேரனின் பிறந்தநாள் பூஜைக்கு முன்னால் அவரே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்க பக்கத்துலேருந்து எத்தன தட்டு வருது?"

"ஒம்போது, சார்."

"சரி. நீங்க வண்டிக்கு முன்னால ஒக்காந்து வரீங்களா, பின்னாலயா? அத வச்சுதான் நான் கணக்கு போடணும்."

முன்னால்தான் என்றேன். நல்லது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.